திறக்க மறுத்த பெட்டியும் ஒரு றப்பர் விதையும்

எங்கள் தோட்டத்து வாசிகசாலையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், மரியாதையான பிள்ளை.

"அண்ணே, நீங்க இத்தன வருசமா சித்திர வேலைப் பெட்டி செஞ்சவரு. நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு ஊக்கமா இருக்கும். அனுபவத்த எழுதிக் குடுங்க."

"ஊக்கமா? எங்கிட்ட நடுக்கம்தான் தம்பி இருக்கு. அத எழுதவா?"

"எதையாவது எழுதுங்கண்ணே. நாலு பக்கம் காலியாக் கிடக்கு."

காலியாக எதையும் கையில் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அந்தப் பழக்கத்தால் ஒரு தடவை துப்பாக்கிகளுக்கு நடுவில் போய் நின்றிருக்கிறேன். அதையே எழுதுகிறேன். ஊக்கம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தம்பியைக் கேளுங்கள்.

தொண்ணூற்றிரண்டு வரைக்கும் நான் தோட்டத்து ஆசாரி. லயத்து வரிசை வீடுகளுக்குக் கதவு, ஜன்னல், றப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடத்துக்குக் கம்பு, யாராவது செத்தால் பெட்டி. அம்மா போனபோது அம்மாவுக்கும் நானே பெட்டி செய்தேன். அதற்குப் பிறகு எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் தனியே இருந்து சோறு பொங்கித் தின்ன மனம் வரவில்லை. பெல்மதுளைப் பக்கம் வீதியோரத்தில் ஒரு பட்டறை இருக்கிறது, மாணிக்கக்கல் வியாபாரிகளுக்கும் வெள்ளைக்காரருக்கும் பூப்போட்ட பெட்டி செய்கிறார்கள், கை பழகினவன் வேண்டுமாம் என்று பஸ்ஸில் யாரோ பேசியதைக் கேட்டு, அப்படியே போய் இறங்கினேன்.

பழகிய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். வெட்டினேன், கெடுத்தேன், திரும்ப வெட்டினேன். சவப்பெட்டி செய்த கைக்கு நகைப்பெட்டி பிடிபட இரண்டு மழைக்காலம் பிடித்தது.

பட்டறையில் எல்லாரும் சிங்களவர். நான் ஒருவன்தான் தமிழன். செல்வகுமார் என்ற பெயர் முதல் நாளே பாதியாகி, குமார ஆனேன். சிங்களம் எனக்கு நன்றாக வரும். பகிடி விடுகிற அளவுக்கு வரும். அதனால் சீக்கிரமே நான் பட்டறையின் கோமாளி ஆகிவிட்டேன். கோமாளிக்கு ஒரு வசதி உண்டு, எங்கே போனாலும் இடம் கொடுப்பார்கள். ஒரு வசதிக் குறைவும் உண்டு. சாயங்காலம் ஆனதும் எல்லாரும் சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் பட்டறைக்குப் பின்னாலிருந்த அறைக்குப் போவேன். அங்கே என் பகிடிக்குச் சிரிக்க ஒரு பல்லி மட்டும் இருந்தது. அதுவும் சிங்களப் பல்லிதான்.

பெரிய வேலைக்காரர் பியதாச பாஸ்; தலைமை ஆசாரியை அங்கே பாஸ் என்பார்கள். அவரைப் பற்றிச் சொல்லாமல் பெட்டியைப் பற்றிச் சொல்ல முடியாது. மெலிந்த மனிதர், சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருப்பார். பேச்சு கிடையாது. பேச வேண்டியதை ஊதிச் சொல்வார். நாம் செதுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நிற்பார். பலகையில் கிடக்கும் தூளை ஒரு தடவை ஊதினால் வேலை சரி. இரண்டு தடவை ஊதினால் திரும்பச் செய். ஊதாமலே போய்விட்டால் அவர் அதை இன்னும் வேலை என்றே எண்ணவில்லை. முதல் வருடம் முழுக்க என் பலகையில் தூள் அப்படியே கிடந்தது.

ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் புத்தகத்தில் படம் காட்டி, இதுபோல வேண்டும் என்பார்கள். பாஸ் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை மூடி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். காலையில் வரும் வழியில் ஒரு கொடி, ஒரு பன்னத் தளிர், ஒரு நாகமரத்து இலை, கையில் அகப்பட்டதைப் பறித்துவந்து மேசைமேல் வைப்பார். வாடுவதற்குள் பென்சிலால் பலகையில் இறக்கிவிட வேண்டும். அப்புறம் வளைந்த உளியால் ஓரம் வெட்டி, தட்டை உளியால் சுற்றியுள்ள மரத்தைத் தாழ்த்தி, இலை மேலே எழுந்து நிற்கும்படி செய்ய வேண்டும். அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒரு கொடியில் எத்தனை இலை இருந்தாலும், ஒரு இலையாவது முதுகைக் காட்ட வேண்டும். எல்லா இலையும் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றால் இரண்டு தடவை ஊதுவார். ஏன் என்று சொல்லமாட்டார். காற்றடிக்கும்போது வெளியே போய்க் கொடியைப் பார்த்துத்தான் எனக்கே புரிந்தது.

அதிகம் ஓடியது ஜோடிக்கிளிப் பெட்டி. கல்யாணப் பரிசுக்கு எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். இரண்டு கிளி, அலகோடு அலகு. நான் எத்தனை ஜோடி சேர்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பக்கத்தில் என்னைவிடப் பெரிய கல்யாணத் தரகர் கிடையாது. சொந்தக் கணக்கில் மட்டும் ஒன்றும் அமையவில்லை.

"குமார, உனக்கு ஒரு கிளி பாக்கட்டா?" என்று பட்டறையில் கேட்பார்கள்.

"பாருங்க, ஆனா மஹோகனியில பாருங்க. பலாமரத்துக் கிளி சீக்கிரம் கறுத்துப்போயிடும்" என்பேன். சிரிப்பார்கள். ஐந்து மணிக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் பெட்டிக்கு இன்னொரு பேர் இருந்தது, ரகசியப் பெட்டி. பார்க்கிறவருக்கு அதற்கு வாயே தெரியாது. பூட்டு கிடையாது, சாவித்துளை கிடையாது. சுற்றிவரக் கொடியும் இலையுமாக இருக்கும். வலது பக்கத்து ஓரச் சட்டத்தைக் கட்டைவிரலால் ஒரு விரல் அகலம் கீழே இழுக்க வேண்டும். அப்போதுதான் முன்பக்கத்து மூன்றிலையில் நடு இலைக்கு விடுதலை கிடைக்கும். அதை மேலே தள்ளினால், அதற்குப் பின்னாலிருந்து குட்டிச் சாவி உள்ளங்கையில் விழும். சாவித்துளை அந்த இலை இருந்த இடத்தில்தான் இருக்கும். அந்த மூன்றிலை என் வேலை. அது றப்பர் இலை. நாகமரம், தாமரை என்று பெரிய பெரிய இலைகளுக்கு நடுவில் எங்கள் தோட்டத்து இலையை நான் நைசாகக் கொண்டுபோய் ஒட்டியிருந்தேன். பாஸ் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு தடவை ஊதினார்.

இந்த வேலையின் உயிர் இடைவெளியில் இருக்கிறது. சட்டம் தானாக விழவும் கூடாது, விரலுக்கு இறுகவும் கூடாது. ஒரு கடதாசி போகிற இடம் விட வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்து மழையை நீங்கள் அறிவீர்கள். மாசியில் செய்த பெட்டி ஆனியில் வேறு பெட்டி. மரம் ஈரத்தைக் குடித்து ஊதும். அதனால் காய்ந்த மாதத்தில் செய்தால் இரண்டு கடதாசி இடம். கொழும்பில் விசிறி ஓடும் வீட்டுக்குப் போகிற பெட்டி என்றால் ஒன்று போதும்.

இனி அந்த விதை. எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவிலிருந்து கறி வந்தால், அந்தக் கிண்ணத்தைச் சும்மா திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். கொஞ்சம் சீனி, இல்லை ஒரு பச்சை மிளகாய், இல்லை ஒரு செவ்வரத்தம்பூ. ஒரு தடவை வீட்டில் அதுவும் இல்லை. அம்மா நான் விளையாடிக்கொண்டிருந்த றப்பர் விதையைப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டு அனுப்பினார். நான் அழுதேன். "வெறும் கிண்ணம் குடுத்தா அந்த வீட்டுக்கும் ஆகாது, நமக்கும் ஆகாதுடா" என்றார்.

அதனால் பட்டறையிலிருந்து பெட்டி வெளியே போகும் நாளில் நான் யாருக்கும் தெரியாமல் உள்ளே ஒரு றப்பர் விதை போடுவேன். புள்ளி புள்ளியாக, பளபளவென்று, பார்க்க அழகாகவும் இருக்கும். ஒரு தகரப் பேணி நிறையச் சேர்த்து வைத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பெட்டி கொண்டுபோவது நான்தான். குடும்பம் இல்லாதவன், எப்போது திரும்பினாலும் கேட்க ஆள் இல்லை. தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு மாசியில், கொழும்பு ஆர்டர் ஒன்றுக்கு ஜோடிக்கிளிப் பெட்டி செய்தோம். மூடியில் கிளியும் கொடியும் பாஸ் கைப்படச் செதுக்கியது. ஒரு மாதத்துக்கு மேல் குனிந்து செய்தார். பெட்டிக்கூடும் சட்டமும் றப்பர் இலையும் நான். ஒரு கடதாசி இடம்தான் விட்டோம். வாங்குகிறவர்கள் வெளிநாட்டிலிருந்து வரப் பிந்திவிட்டது. பெட்டி எங்களிடமே இருந்தது. கொண்டுபோகச் சொல்லி ஆள் வந்தபோது ஆனி மழை பிடித்துக்கொண்டு பெய்கிறது.

பாஸ் வழக்கம்போலப் பழைய சிங்களப் பத்திரிகையில் சுற்றி, துணியில் முடிந்து கொடுத்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது சாரல் அடித்துப் பத்திரிகை நனைந்தது. அதைக் கழற்றிப் போட்டிருக்க வேண்டும். நான் பயந்து, கடையில் பொலித்தீன் வாங்கி அதற்கு மேலே இறுக்கிச் சுற்றினேன். போதாது என்று இன்னொரு பொலித்தீன். நனைந்த குடையையும் அதே பைக்குள் வைத்து மடியில் அணைத்துக்கொண்டேன். இட்லியை இப்படித்தான் அவிப்பார்கள். இரத்தினபுரி தாண்டும் வரைக்கும் அந்தப் பெட்டியை என் மடியில் வைத்து அவித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

இரத்தினபுரிக்கு அப்பால் றப்பர் தோட்டத்து வளைவில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. மண்மூட்டை, தகரக் கூரை, ஒரு மேசை. எல்லாரும் பையோடு இறங்கி, வரிசையில் அடையாள அட்டையைக் காட்டி, அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும். எனக்கு அது புதிதில்லை. ஒவ்வொரு தடவையும் அட்டையை முன்கூட்டியே கையில் எடுத்து வைத்துக்கொள்வேன், ஒவ்வொரு தடவையும் ஒன்றும் நடக்காது.

அன்றைக்கு அட்டையைப் பார்த்த சிப்பாய் இளம் பையன். என் பெயரைப் படித்தான். பிறந்த இடத்தைப் படித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பவும் பெயரைப் படித்தான். பையைத் திறந்தான். பொலித்தீனைப் பிரித்தான். பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாயைக் காணவில்லை.

பிறகு அவன் அதைக் காதோரம் வைத்து ஆட்டினான்.

கடகட.

"ஏக்கே மொனவாத?" என்றான். உள்ளே என்ன?

"மொக்குத் நே, சேர்" என்றேன். ஒன்றும் இல்லை என்று.

அவன் திரும்பவும் ஆட்டினான். கடகட. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. எனக்குப் பின்னால் நின்ற பெண், பிள்ளையை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

நான் பொய் சொல்லவில்லை, அதைச் சத்தியமாகச் சொல்கிறேன். அந்த நேரம் எனக்கு விதை ஞாபகமே வரவில்லை. ஞாபகம் வந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தோட்டத்தில் பிறந்தவன் எவனாவது றப்பர் விதையை ஒரு சாமான் என்று கணக்கில் வைப்பானா? காலில் மிதிபடுகிறது அது.

"அரின்ன" என்றான். திற.

கட்டைவிரலைச் சட்டத்தில் வைத்து இழுத்தேன். அது மரத்தோடு மரமாக நின்றது. இன்னும் அழுத்தினேன். விரல்தான் வழுக்கியது. எனக்கு ஒரு வியாதி உண்டு, பயம் வந்தால் சிரிப்பு வரும். வந்தது.

"என்ன சிரிப்பு?" என்று சிங்களத்தில் கேட்டான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பகிடி விடுகிற அளவுக்கு வரும் என்று பெருமையடித்தேனே, அந்தச் சிங்களம் முழுவதும் பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டது. இறங்கி வரவேயில்லை. "ஐயோ, ஊதிப்போச்சுங்க, மரம் ஊதிப்போச்சுங்க!" என்று தமிழில் கத்தினேன். அந்தச் சத்தத்துக்கு இன்னும் இரண்டு துப்பாக்கி பக்கத்தில் வந்தது.

அதிகாரி வெளியே வந்தார். நடுவயது, பல்லில் ஈர்க்கு. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவன் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துவந்து மூடிக்கும் கூட்டுக்கும் நடுவில் வைத்தான். நெம்பினால் முதலில் போவது கிளி. பாஸ் குனிந்து குனிந்து செதுக்கிய மாதம் என் கண்முன்னால் வந்தது. இந்தப் பெட்டியைத் திறக்க எனக்குத் தெரியும், கொஞ்சம் சூடு காட்டினால் ஈரம் இறங்கி மரம் விடும். அதைச் சொல்ல வேண்டும். ஓடிப்போன சிங்களத்தில் ஒரே ஒரு சொல்தான் திரும்பி வந்தது.

"கிந்தர!" என்று கத்தினேன். நெருப்பு!

நினைத்துப் பாருங்கள். திறக்க முடியாத பெட்டி, உள்ளே என்னவோ ஆடுகிறது, சொந்தக்காரன் தமிழன், அவன் ராணுவத்தைப் பார்த்து நெருப்பு நெருப்பு என்று கத்துகிறான். வரிசை கலைந்து ஓடியது. ஒருத்தர் செருப்பு ரோட்டிலேயே கிடந்தது. கம்பி வைத்திருந்தவன் கம்பியைப் போட்டுவிட்டு மண்மூட்டைக்குப் பின்னால் போய்விட்டான்.

அதிகாரி மட்டும் நகரவில்லை. ஈர்க்கை எடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "நெருப்பு எதற்கு?" கையால் காட்டினேன். மரம், தண்ணீர், ஊதுதல், சூடு, சுருங்குதல் என்று ஊமைக்கூத்து ஆடினேன். அவர் தகரக் கூரையின் ஓரத்தில் கேத்தல் வைத்திருந்த அடுப்பைக் காட்டினார். மூன்று கல் அடுப்பு. "போ. நீ தனியாகச் செய்" என்றார். பிறகு அவரும் பின்வாங்கினார்.

பஸ் என் கண்ணெதிரே கிளம்பியது. இறங்கும்போது பையிலிருந்து எடுத்துச் சீட்டில் நான் விட்டுவந்த குடையைக் கொன்டக்டர் ஜன்னல் வழியாக வீசினான், நல்ல மனிதன். அந்த அகலமான ரோட்டில், மழையில், பஸ் போன பிறகு, நானும் பெட்டியும் மட்டும் மிச்சம். அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் என் பக்கத்தில் இல்லை. தனிமை எனக்குப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அது வேறு, இது வேறு என்று அன்றைக்குத் தெரிந்தது.

கேத்தலை இறக்கி வைத்துவிட்டுக் குந்தினேன். மரத்துக்குச் சூடு காட்டுவது எப்படி என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். சுவாலையில் காட்டக் கூடாது. தணலுக்கும் மரத்துக்கும் நடுவில் உங்கள் உள்ளங்கையை வைக்க வேண்டும். கை தாங்குகிற சூட்டை மரம் தாங்கும். கை தாங்காவிட்டால் மரம் வெடிக்கும். ஒரு பக்கத்தையே காட்டாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். என் கை ஆடிய ஆட்டத்துக்கு அது தானாகவே திரும்பிக்கொண்டிருந்தது. பொலிஷ் மணம் வந்தது. மூடியில் இரண்டு கிளியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன, என்னை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. "பார்க்காதீங்க, நல்லாயிருங்க" என்று அதுகளைத் திட்டினேன்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டம் விட்டது. முதலில் ஒரு நூல். பிறகு ஒரு விரல். றப்பர் இலையை மேலே தள்ளினேன். சாவி கையில் விழுந்து, கையிலிருந்து சாம்பலில் விழுந்து, சாம்பலிலிருந்து பொறுக்கி எடுத்து, துளையைச் சுற்றி எல்லா இடத்திலும் குத்திய பிறகு, கடைசியில் உள்ளே போனது. திறந்தேன்.

அதிகாரி வந்து குனிந்து பார்த்தார். சிவப்புத் துணி விரித்த பெட்டிக்கு நடுவில் ஒரு றப்பர் விதை.

அவர் அதை எடுத்து உருட்டிப் பார்த்தார். "இது என்ன?" நல்ல வேளையாக என் சிங்களம் மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வெறும் பெட்டி கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம் என்று சொன்னேன். அவர் விதையை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அப்படியென்றால் உள்ளே ஒன்று இருந்திருக்கிறது. ஏன் ஒன்றும் இல்லை என்றாய்?"

நான் சாவியை உருவி, ஒட்டியிருந்த சாம்பலைச் சட்டையில் துடைத்தேன்.

அவருக்கு என்னை அப்படியே விட முடியவில்லை. உன்னைத் தெரிந்தவர் ஒருவர் வந்து கூட்டிப்போகட்டும் என்று, பட்டறைக்குத் தொலைபேசியில் பேசினார். விதையை மேசைமேல் தேநீர்க் குவளைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வருவார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். பட்டறை முதலாளி வரமாட்டார். என் பகிடிக்குச் சிரித்தவர்கள் யாராவது? ஒருவர் முகமும் அதற்குப் பொருந்தவில்லை. வராவிட்டால் எங்கே கொண்டுபோவார்கள் என்பதை நினைக்காமல் இருக்க, பெஞ்சுப் பலகை என்ன மரம் என்று ஆராய்ந்தேன். பைனஸ். மட்டமான வேலை.

பின்னேர பஸ்ஸில் வந்து இறங்கியது பியதாச பாஸ். சாரத்தை இறக்கிவிட்டிருந்தார். அவர் வெளியூர் போய் நான் பார்த்ததே இல்லை. என்னை அவர் பார்க்கவில்லை. நேரே மேசைக்குப் போய்ப் பெட்டியைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் சட்டத்தை இழுத்தார், விட்டார், இழுத்தார். மூடியில் கிளிக்கு மேலே சாம்பல் படிந்திருந்தது. ஊதினார்.

நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். இரண்டாவது தடவை ஊதவில்லை.

"மாசியில் செய்தது. மழைக்கு இறுகும்" என்றார் அதிகாரியிடம்.

"நான் பெட்டியைக் கேட்கவில்லை, பாஸ். ஆளைக் கேட்கிறேன்."

பாஸ் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஆளும் அப்படித்தான்" என்றார்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகலாம் என்று கையைக் காட்டினார். விதையைத் திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அது குவளைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

திரும்பும் பஸ்ஸில் பாஸ் முன் சீட்டில் உட்கார்ந்தார், நான் பின்னால். அடுத்த நாள் ஓரச் சட்டத்தை இரண்டு கடதாசி இடத்துக்குச் சீவச் சொன்னார், அதையும் கையால் காட்டித்தான். பெட்டியைக் கொழும்புக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டே பயணம் போனேன். சாவி சட்டைப் பையில், மூடி அகலத் திறந்து, பிச்சைக்குப் போகிறவன் மாதிரி. விதை போடுவதை நிறுத்திவிட்டேன். பேணியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

அடுத்த சித்திரைப் புத்தாண்டுக்குப் பட்டறை மூடி எல்லாரும் ஊருக்குப் போனார்கள். மிச்சம் நானும் பல்லியும். பாஸ் வீட்டிலிருந்து வழக்கம்போல ஒரு தட்டில் பலகாரம் வந்தது. தின்றுவிட்டு, தட்டைக் கழுவித் துடைத்து, பட்டறை திறந்த அன்று அவரிடம் நீட்டினேன். மற்ற வருடங்களில் கொஞ்சம் சீனியாவது வைப்பேன். அந்த வருடம் வைக்கவில்லை. எதற்குள்ளும் எதையும் வைக்கவே எனக்குக் கை வரவில்லை.

பாஸ் தட்டை வாங்கிப் பார்த்தார். வெறும் தட்டில் இரண்டு தடவை ஊதினார். திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டு வேலைக்குக் குனிந்தார்.

நான் அறைக்குப் போனேன். பிறகு தட்டில் ஒரு பச்சை மிளகாய் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்கப்புறம் தட்டு ஒருநாளும் வெறுமனே போனதில்லை. பெட்டி மட்டும் வெறுமனேதான் போனது. தட்டைச் சாவடியில் ஆட்டிப் பார்க்கமாட்டார்கள்.

பாஸ் சில வருடங்களில் காலமானார். அவருடைய பெட்டியை யார் செய்வது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செய்தேன். ஓரத்தில் ஒரு கொடி போட்டேன், ஒரு இலையை முதுகு காட்ட வைத்தேன். ஊத ஆள் இல்லாமல் தூள் ரொம்ப நேரம் கிடந்தது.

எனக்கு மரத்தூள் நெஞ்சில் இறங்கிவிட்டது. இதற்கு மேல் பட்டறைப் பக்கம் போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டாயிரத்து ஒன்பது, ஆவணி மாதம், வயது ஐம்பது தொடவில்லை, ஓய்வு. பிரியாவிடை வைத்தார்கள். பாஸின் இடத்துக்கு வந்திருந்த சமன், கெட்டிக்காரப் பையன், தன் கையால் செய்த பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தான். நாகமரத்துப் பூ, கொடி. முதுகு காட்டும் இலையைத் தேடினேன், இருந்தது. முன்பக்கத்தில் என் றப்பர் இலையும் இருந்தது. அவன் அதை என்ன இலை என்று தெரிந்து போட்டானோ, எப்போதும் போடுகிற இலை என்று போட்டானோ. நான் கேட்கவில்லை. கடைசிப் பகிடி ஒன்று விட்டேன். சிரித்தார்கள்.

அந்தப் பெட்டியோடுதான் தோட்டத்துக்குத் திரும்பி வந்தேன். இரத்தினபுரி தாண்டி றப்பர் தோட்டத்து வளைவு வந்தது. அடையாள அட்டையைக் கையில் எடுத்து, பெட்டியை அணைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். பஸ் நிற்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

"மாமா, எங்க போறீங்க? உக்காருங்க. இங்க இறங்கறதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்றான் கொன்டக்டர், சிங்களத்தில். யுத்தம் முடிந்திருந்தது. அந்தச் சாவடியை எடுத்துவிட்டார்களாம், எனக்குத்தான் தெரியாது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்தேன். வெட்கத்தை மறைக்க மடியிலிருந்த பெட்டியை எடுத்துக் காதோரம் ஆட்டினேன்.

சத்தம் இல்லை.

சமனைக் குறை சொல்லமாட்டேன், அவனுக்கு எப்படித் தெரியும்? நான்தான் அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லையே. தெரிந்த ஒரே மனிதர் பாஸ், அவரும் போய்விட்டார்.

மணியை அடித்தேன்.

"இப்பதானே மாமா உக்காந்தீங்க?"

"இறங்கணும்" என்றேன்.

பஸ் என்னை இறக்கிவிட்டுப் போனது. அகலமான ரோட்டில் நானும் பெட்டியும். கொஞ்சம் தூரம் திரும்பி நடந்தேன். மண்மூட்டை இருந்த இடத்தில் இன்னும் புல் வரவில்லை. அடுப்புக் கல் மூன்றும் கறுப்பாகக் கிடந்தன. மேசை இருந்த இடத்தைச் சுற்றி நன்றாகத் தேடினேன். என்னுடைய பழைய விதை முளைத்து மரமாகி நிற்கும் என்று நினைக்கிறீர்களா? சினிமாவா இது? ஒன்றும் இல்லை.

ஆனால் ஆவணியில் றப்பர் காய் வெடிக்கும். தோட்டத்துக்குள் டப் டப் என்று கேட்டுக்கொண்டிருந்தது. வேலியோரத்தில் விதைகள் சிதறிக் கிடந்தன. புள்ளி நல்லதாகப் பார்த்து ஒன்று பொறுக்கினேன். ஓரச் சட்டத்தை இழுத்தேன், இரண்டு கடதாசி இடம், சுகமாக வந்தது. இலையைத் தள்ளினேன், சாவி விழுந்தது, கை ஆடவில்லை. விதையை உள்ளே போட்டுப் பூட்டினேன்.

ஆட்டினேன். கடகட.

"ஏக்கே மொனவாத?" என்று அந்தப் பையனின் குரலில் நானே சத்தமாகக் கேட்டேன்.

சுற்றிப் பார்த்தேன். ரோட்டில் ஒருவரும் இல்லை.

"இருக்குங்க" என்றேன்.